முதலில் பெயர், பிறகு கட்டளை

மொன்றியல்
28 சனவரி 2025, செவ்வாய்

ஜெராட்,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஞாயிறு பின்னேரம் மலையிலிருந்து திரும்பும்போது இரண்டு மணித்தியாலம் காரில் உன் பக்கத்தில் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் பேசவில்லை. உனக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

தொலைபேசி எடுக்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். தொலைபேசியில் "ஓம் அத்தான், ஓம் அத்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். உன் அக்காவை நான் கட்டிய நாளிலிருந்து உன்னிடம் கேட்ட பதில் அது ஒன்றுதான். கடிதத்துக்கு அப்படிப் பதில் எழுத முடியாது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதன் பிரதி எனக்குத் தேவைப்படும்.

ஞாயிறு காலை உறைந்த அருவியின் இடது சரிவில் நான் முதல் ஆளாக ஏறினேன். மேலே போய், ஐஸுக்குள் இரண்டு குழாய் ஸ்க்ரூக்களைத் திருகி இறக்கி, இரண்டையும் வாரால் சேர்த்துக் கட்டி, ஆட்கள் தொங்கி நிற்கும் நிலையை என் கையாலேயே அமைத்தேன். எங்கள் வழிகாட்டி மாறி-ஏவ் அதை "றெலே" என்பாள். பிறகு நீ ஏறி வந்தாய். பிறகு அவள் தன் கயிற்றில் இறங்கி வந்து ஸ்க்ரூக்களை இழுத்துப் பார்த்தாள். "பார்ஃபே" என்றாள், ஒரு குறையும் இல்லையாம். என் தோளில் தட்டினாள். பக்கத்தில் நின்று நீயும் கேட்டாய்.

அன்று பின்னேரமே, மரக்குடிலில் எல்லாரும் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது, அதே வாயால் சொல்கிறாள்: பயிற்சியின் கடைசி வார இறுதியில் பெரிய அருவியில் ஜெராட் முதலில் ஏறுவான், அருமைநாதன் இரண்டாவது. முதல் ஆளாக ஏறும் தகுதி எனக்கு இந்த வருசம் இல்லையாம். மற்றக் கயிற்றில் இருந்த தம்பதிகள் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். நீ சூப்பை ஊதிக்கொண்டிருந்தாய்.

நான் ஏன் இந்த ஐஸுக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும். பேராதனையில் பௌதிகம் படித்து, யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவன், இங்கே துறைமுகத்தில் எந்தக் கொன்டெய்னர் எப்போது லொறியில் ஏறும் என்று நேரம் குறித்துக்கொண்டிருக்கிறேன். என் பட்டம் இங்கே பட்டமில்லை என்றார்கள். மேற்பார்வையாளர் வேலைக்கு என் பிரெஞ்சு காணாது என்றார்கள். அந்த வேலையை, என்னிடம் வேலை பழகியவனுக்கே கொடுத்தார்கள். கோயில் சபையில் கணக்குப் பிழையைக் காட்டினேன், அடுத்த வருசம் சபையில் என் பெயர் இல்லை. ஐஸ் ஒன்றுதான் என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை. கோடரி பிடித்தால் பிடித்தது, பிடிக்காவிட்டால் இல்லை. இப்போது அங்கேயும் ஒருத்தி வந்து, நீ இரண்டாவது என்கிறாள்.

காரணம் எனக்குத் தெரியும். ஒன்று வயது. மற்றது உச்சரிப்பு. நீ ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளித் தள்ளிப் பிரெஞ்சு பழகிவிட்டாய், அவளோடு பகிடி விடுவாய். எனக்கு அது வராது. "முதலில் பெயர், பிறகு கட்டளை" என்று முதல் நாளிலிருந்து அவள் கத்துகிறாள், பக்கத்துக் கயிற்றில் இருப்பவர்கள் குழம்பக் கூடாதாம். நீ என்னை "அத்தான்" என்று கூப்பிட்டபோது "அது பெயரா?" என்று உன்னை ஏசினாள். அக்காவின் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்களிடம் வழக்கமில்லை என்று, தெரிந்த பிரெஞ்சில் உனக்காக வாதாடியவன் நான்.

பயிற்சி நடத்தும் கம்பனிக்கு முறைப்பாடு எழுதிவிட்டேன். வயதும் மொழியும் பார்த்து ஆளை ஒதுக்கும் வழிகாட்டிக்கு அடுத்த பனிக்காலம் அங்கே வேலை இருக்கக் கூடாது. நீ சாட்சி. அந்த றெலேயில் என்னோடு நின்றவன் நீ ஒருவன்தான். அது சரியாக இருந்தது என்று நாலு வரி எழுதி, கையெழுத்திட்டு அனுப்பு. மேலே நின்று நான் எடுத்த படத்தையும் இதோடு வைக்கிறேன். என் தோளுக்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூவும் தெளிவாகத் தெரிகின்றன. முறைப்பாட்டிலும் இதே படம்தான்.

அத்தான்


கோட்-டெ-நெய்ஜ்
31 சனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு விளம்பரத்தையும் கரண்ட் பில்லையும் தவிர வேறு தபால் வருவதில்லை. சின்னவள் முத்திரையைக் கிழித்து வைத்துக்கொண்டாள். அவளின் அம்மா, "அத்தானுக்கு என்ன நடந்தது, கையாலை எழுதியிருக்கிறார்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

அத்தான், அந்த முறைப்பாட்டை அனுப்பாதீர்கள். மாறி-ஏவ் கெட்டவள் இல்லை. போன மாதம் உங்கள் விரல்கள் மரத்துப்போனபோது, தன் கையுறையைக் கழற்றித் தந்துவிட்டு வெறுங்கையோடு நின்றாள். நீங்களே அதை அக்காவிடம் சொன்னீர்கள்.

முதலில் ஏறினால் என்ன, இரண்டாவது ஏறினால் என்ன? இரண்டு பேரும் ஒரே ஐஸில்தான் ஏறுகிறோம். அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம். இந்த விசயத்தை விடுங்கள்.

நாலு வரி எழுத எனக்கு இந்தக் கிழமை நேரம் இல்லை. இரவு வேலை. ஆஸ்பத்திரி வாட்டில் ஆள் காணாது.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜெராட்


மொன்றியல்
4 பெப்ரவரி 2025

ஜெராட்,

நாலு வரி எழுத நேரமில்லை என்று சொல்ல ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

முதலில் ஏறினால் என்ன, இரண்டாவது ஏறினால் என்ன என்று கேட்கிறாய். முதல் ஆளுக்கு மேலே கயிறு இல்லை. விழுந்தால் கடைசியாகத் தான் இறக்கிய ஸ்க்ரூவுக்கும் கீழேதான் போய் நிற்பான். இரண்டாவது ஆள் மேலிருந்து கயிறு இழுக்க இழுக்க, தொட்டிலில் வைத்துத் தூக்குகிற மாதிரி ஏறி வருவான். இந்த வித்தியாசத்துக்காகத்தான் ஐம்பத்துமூன்று வயதில், சனிக்கிழமைகளில் இருட்டோடு எழும்பிப் போகிறேன். கோயில் வாசலில் சபைக்காரன் ஒருவன் எல்லாருக்கும் முன்னால் கேட்டான்: "என்ன மாஸ்டர், ஸ்நோவிலை விழுந்து இடுப்பை உடைக்கிறதுக்குக் கோர்ஸும் இருக்கோ?" சிரித்தார்கள். அவனுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். அவனுக்கு மட்டுமில்லை, லண்டனுக்கும் பாரிசுக்கும் மன்னாருக்கும் அனுப்பினேன். கீழே "பார்ஃபே" என்று மாறி-ஏவ் சொன்னதையும் எழுதினேன். இப்போது நான் இரண்டாவது ஆளாகப் போக வேண்டும்!

நேற்று வேலை முடிந்து, டவுன்டவுனில் அவள் கிழமை நாட்களில் பிள்ளைகளுக்குச் சுவர் ஏறப் பழக்கும் கூடத்துக்குப் போனேன். காலையில் சரியாக இருந்த றெலே பின்னேரம் எப்படிப் பிழையானது என்று கேட்டேன். பிள்ளைகளின் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "அது என் தீர்மானம், அருமைநாதன்." மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் அதே பதில். என் முழுப் பெயரையும் அவள் பிழையில்லாமல் சொல்வது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முறைப்பாடு போகப்போகிறது என்றேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வேறு ஒரு சொல் சொல்லவில்லை.

நீயும் ஒரு சொல் சொல்லவில்லை. நீ இந்த ஊரில் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தில் உனக்கென்று தடித்த ஜாக்கெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் யார்? உனக்காக எழுத வேண்டிய எல்லா இடத்துக்கும் எழுதியவன் யார்? எனக்காக நாலு வரி எழுத உன் கை வளையவில்லை.

திங்கட்கிழமை முறைப்பாட்டை அனுப்புகிறேன். உன் சாட்சியோடோ, இல்லாமலோ.

அத்தான்


கோட்-டெ-நெய்ஜ்
7 பெப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது. அதனால் இதை உங்கள் பெட்டியில் நானே போட்டுவிட்டுப் போகிறேன். மணி அடிக்கவில்லை. குறை நினைக்க வேண்டாம்.

மாறி-ஏவிடம் சொன்னது நான்.

இதை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

அன்று காலை அவள் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். தான் வந்து றெலேயைப் பார்க்கும் வரை இரண்டாவது ஆளைக் கூப்பிடக் கூடாது. நீங்கள் மேலே கட்டி முடித்தபோது அவள் மற்றக் கயிற்றில் அந்தத் தம்பதிகளோடு நின்றாள். நீங்கள் பொறுக்கவில்லை. "ஜெராட், ஏறி வா" என்று தமிழில் கூப்பிட்டீர்கள். பிரெஞ்சில் கூப்பிட்டிருந்தால் அவள் மறித்திருப்பாள். தமிழ் என்றபடியால் நாங்கள் ஏதோ கதைக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். ஏறக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஏறினேன். கூப்பிட்டது நீங்கள்.

மேலே வந்து என்னை வாரோடு கட்டிக்கொண்டு, வலது பக்க ஸ்க்ரூவில் கை வைத்தேன். சுழன்றது. அத்தான், அது பம்பரம் மாதிரிச் சுழன்றது. நாங்கள் இரண்டு பேரும் மற்ற ஒன்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தோம். நான் என்னுடைய ஒன்றை எடுத்துக் கொஞ்சம் தள்ளி நல்ல நீல ஐஸில் இறக்கி வாரை மாற்றிவிட்டு, உங்களுடையதை இரண்டு விரலால் கழற்றினேன். நல்ல இடம் என்றால் குழாய்க்குள் கெட்டியான ஐஸ் துண்டு நிற்கும். உங்கள் குழாய்க்குள் தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளைத் தூள்தான் இருந்தது. பாதி இறங்கியதும் இலேசாகச் சுழன்றால் உள்ளே வெறும் காற்று, கழற்றி வேறு இடத்தில் போடு என்று அவள் எத்தனை தரம் சொன்னாள்? திருகும்போது உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும்.

நான் "அத்தான்" என்று கூப்பிட்டேன். நீங்கள் வெளிப்பக்கம் பார்த்துத் தொலைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "பொறு, படம் எடுக்கிறன், நீயும் சிரி" என்றீர்கள். சிரித்தேன். பிறகு அவள் வந்தாள். என்னுடைய ஸ்க்ரூவை இழுத்துப் பார்த்துவிட்டு உங்கள் தோளில் தட்டினாள். பிறகு எப்படிச் சொல்வது?

கார்கள் நிற்கும் இடத்தில், நீங்கள் சப்பாத்திலிருந்து இரும்புப் பற்களைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அவளிடம் சொன்னேன். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டேன். அவள் சொல்லவில்லை. தன் வேலை போகும் என்று நீங்கள் வெருட்டியும் சொல்லவில்லை. அதனால்தான் இப்போது நானே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் சாமான் எல்லாவற்றிலும் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறீர்கள், என்னுடையதில் பச்சை. உங்கள் மஞ்சள் ஸ்க்ரூ ஒன்று இன்னும் என் பையில் கிடக்கிறது. குறைவதைக் கூட நீங்கள் கவனிக்கவில்லை.

முகத்துக்கு நேரே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் முகத்துக்கு நேரே யார் என்ன சொல்லியிருக்கிறார்கள்? ஏற முன்னம் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நான் கையைக் கொண்டுவந்தால் தட்டிவிட்டு, "எனக்கே முடிச்சுப் படிப்பிக்கிறியோ?" என்பீர்கள். நான் சிரித்துக்கொண்டு விலகுவேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். அந்த ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கும்போதும் உங்கள் மரியாதையைத்தான் யோசித்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

முறைப்பாட்டை நீங்கள் அனுப்பினால், நடந்ததை நானும் எழுதி அனுப்புவேன்.

ஜெராட்


மொன்றியல்
10 பெப்ரவரி 2025

ஜெராட்,

பொய்.

வெயில் பட்டால் எந்த ஸ்க்ரூவும் இளகும். நான் இறக்கும்போது அது இறுக்கமாக இருந்தது. பௌதிகம் படித்தவனுக்கு ஐஸைப் பற்றி ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து பாடம் வருகிறது.

உனக்கு முதல் ஆளாக ஏற ஆசை. அதற்கு நேராக என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல், கார்கள் நிற்கும் இடத்தில், நான் குனிந்து சப்பாத்துக் கழற்றும் நேரம் பார்த்து ஒரு பெட்டையின் காதில் ஓதியிருக்கிறாய். மேற்பார்வையாளர் வேலையிலும் என்னை இப்படித்தான் வெட்டினார்கள். கோயில் சபையிலும் இப்படித்தான். அவர்கள் பிறத்தியார். நீ என் வீட்டுச் சோறு தின்றவன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் அவசியம் எனக்கில்லை. அங்கே நின்றவன் நான்.

இனி எங்கள் வீட்டு வாசலுக்கு வராதே. கடிதம் போட வருவது போலவும் வராதே. உன் அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு பூசையில் பார்.

அருமைநாதன்


கோட்-டெ-நெய்ஜ்
13 பெப்ரவரி 2025

அத்தான்,

முதன்முறையாக எனக்கு எழுதிய கடிதத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். என்னைத் தள்ளி வைப்பதற்கென்றாலும், நல்லது.

சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்களிடம் முதலில் சொல்லாததற்கு மட்டும் கேட்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி பெரிய அருவி. நீங்கள் வராவிட்டால் என்னை வேறு ஒருவரோடு சேர்த்துவிடுவதாக மாறி-ஏவ் சொன்னாள். வேண்டாம் என்றேன். நீங்கள் வராவிட்டால் நானும் ஏறவில்லை. இது வெருட்டு இல்லை. மூன்று பனிக்காலம் உங்களோடு ஏறிவிட்டு வேறு ஒருவரின் கயிற்றில் கட்ட எனக்கு மனமில்லை.

ஆனால் வந்தால் பழைய மாதிரி இல்லை. உங்கள் முடிச்சை நான் தொட்டுப் பார்ப்பேன். என்னுடையதை நீங்கள் பாருங்கள். பிழை என்றால் பிழை என்று சொல்வேன், யார் பக்கத்தில் நின்றாலும். ஐஸில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கீழே வந்ததும் நீங்கள் அத்தான்.

சம்மதமில்லை என்றால் பதில் எழுத வேண்டாம்.

ஜெராட்


மொன்றியல்
17 பெப்ரவரி 2025

ஜெராட்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் எறிந்தேன். உன் அக்கா எடுத்து வாசித்தாள். மற்றக் கடிதங்களையும் கேட்டு வாங்கி வாசித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவன் சொன்னது சரியோ, பிழையோ?" என்றாள்.

"றோசா, உனக்கு ஐஸைப் பற்றி என்ன தெரியும்?"

"ஐஸைப் பற்றி ஒண்டும் தெரியாது. உங்களைப் பற்றித் தெரியும். நீங்கள் காரை றிவேர்ஸ் எடுக்கேக்கை பின்னாலை தூண் நிக்குது எண்டு சொல்ல முதல் நான் மாதாவை நினைச்சு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுறனான்."

"சொன்னால் நான் கேட்கமாட்டனோ?"

"ஒருக்காச் சொன்னனான். தூணிலை அடிச்சியள். பேந்து ஒரு கிழமை என்னோடை கதைக்கேல்லை. தூணோடை கோவிக்கேலாது தானே."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். தம்பிக்காகக் கதைக்கிறாள் என்று அவளையும் ஏசினேன். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. எங்கள் வீட்டில் எனக்குப் பதில் வராமல் விடுவது இது முதல் தடவை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நான் சொல்வது சரி என்பதால்தான் எல்லாரும் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படங்களைப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் ஒன்றல்ல, பல படம் எடுத்திருக்கிறேன். முதல் படத்தில் என் தோளுக்குப் பின்னால் இரண்டு மஞ்சள். நடுவில் ஒன்றில் உன் கை மட்டும் தெரிகிறது, எதையோ திருகிக்கொண்டிருக்கிறது. கடைசிப் படத்தில் ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. அந்தக் கடைசிப் படத்தில்தான் நான் நல்ல வடிவாகச் சிரிக்கிறேன். அதைத்தான் உலகம் முழுக்க அனுப்பினேன். அதைத்தான் முறைப்பாட்டோடும் வைத்தேன்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. கூடிவிட்டது. பச்சை ஸ்க்ரூவுக்குச் சொன்ன "பார்ஃபே"யை என் தோளில் வாங்கிக்கொண்டு நான் பல்லைக் காட்டி நிற்க, நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். என்னை விழ விட்டிருந்தால் கூட ஒருவேளை மன்னிப்பேன். சிரிக்க விட்டதை மன்னிக்க எனக்குக் காலம் எடுக்கும். எடுக்கட்டும். அதுவரை ஏசிக்கொண்டுதான் இருப்பேன். நீயும் திருப்பி ஏசு. "ஓம் அத்தான்" என்று மட்டும் சொல்லாதே.

முறைப்பாடு போகவில்லை. கிழிக்கவும் இல்லை, மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. என்னுடைய மற்ற முறைப்பாடுகளோடு கிடக்கட்டும். அந்தப் பெண்ணிடம் நேரில் கதைக்க வேண்டும். என்ன சொல்வதென்று பிரெஞ்சில் இன்னும் வரவில்லை. தமிழிலும் வரவில்லை.

இருபத்திரண்டாம் தேதி காலை ஐந்தரைக்கு உன் வாசலில் நிற்பேன். காரை நீ ஓட்டு. நீ முதலில் ஏறு. என் முடிச்சைப் பார், கையைத் தட்டமாட்டேன். தட்டினால் திரும்பவும் கொண்டுவா. உன்னுடையதை நானும் பார்ப்பேன், பிழை கண்டால் அந்த அருவி முழுக்கக் கேட்கச் சொல்வேன், அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோசமும் இருக்கும். என் மஞ்சள் ஸ்க்ரூவைக் கொண்டுவர மறக்காதே. அதன் குழாய்க்குள் இருந்த தூளை நீ தட்டியிருப்பாய். தட்டாமல் கொண்டுவந்து என் கையில் தந்திருந்தால், அன்றே நான் உன்னை அடித்திருப்பேன், பிறகு நம்பியிருப்பேன்.

அருமைநாதன் என்பது ஐஸில் கத்துவதற்கு நீளமான பெயர். காற்றடித்தால் பாதி கேட்காது. நாதன் என்று கூப்பிடு. வீட்டில் சொல்லிப் பழகிக்கொண்டு வா. அங்கே வந்து வாய் கூசி நிற்காதே.

இதற்குக் கீழே என்ன போடுவதென்று பேனையோடு கனநேரம் இருந்துவிட்டேன். அத்தான் என்று போட்டால் இதையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு தலையாட்டுவாய். அருமைநாதன் என்று போனமுறை போட்டது உன்னைத் துரத்த. நாதன் என்று இதுவரை என்னை ஒருவரும் கூப்பிடவில்லை, நீ முதலில் கூப்பிட்டுப் பார். கையெழுத்துப் போடாமலே உறையை ஒட்டுகிறேன். வேலைக்குப் போகிற வழியில் மெத்ரோ வாசலில் இருக்கும் தபால் பெட்டிக்குள் போட்டுவிடுவேன்.